வென்ற மாமா தோற்ற கதை: பிளாக்ஜாக் போட்டி என்றால் என்ன?

மாமாவின் மூத்தவன் கனடாவிலிருந்து வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்து எங்கள் வீட்டில் நின்றான். இரணைமடு வாய்க்கால் கரை, சோளகக் காற்று, பின்னேரத் தேத்தண்ணி. பேச்சு எங்கெங்கோ போய்க் கடதாசி விளையாட்டில் வந்து நின்றது. போன மாரிக்குள் அங்கே ஒரு கசினோவில் பிளாக்ஜாக் போட்டிக்குப் போனானாம். கடைசி மேசை வரைக்கும் போய்த் தோற்றுவிட்டானாம்.

"டீலர் அடிச்சுப்போட்டானோ?" என்று மாமா கேட்டார்.

"இல்லையப்பா, கடைசிக் கையில டீலரை நான் வெண்டனான். பக்கத்தில இருந்த வயசுபோன மனிசிதான் என்னை வெண்டது."

மாமாவுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான். டீலரை வென்றவன் எப்படித் தோற்பான்? இதற்கு மச்சான் சொன்ன விளக்கத்தையும், பிறகு புளியங்கொட்டை வைத்து நாங்கள் ஆடிப் பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். கசினோ வாசலை மிதிக்காதவர்களுக்கும் விளங்கும். எங்கள் வன்னியில் கசினோவே இல்லை. நாட்டில் இருப்பதெல்லாம் கொழும்பில்தான், அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் வந்ததே 2010 இல்தான்.

முதலில் பிளாக்ஜாக். எங்கள் ஊர்க் கடதாசி ஆட்டமான முந்நூற்றுநாலு விளையாடுகிறவர்களுக்கு இது சின்னப்பிள்ளை விளையாட்டு. துரும்பு இல்லை, கூட்டாளி இல்லை, கேள்வி கேட்பது இல்லை. நீங்கள் காசு கட்டியதும், கசினோவின் ஆளான டீலர் உங்களுக்கு இரண்டு கடதாசி தருவார், தனக்கும் இரண்டு போடுவார். அவருடைய ஒன்று நிமிர்ந்திருக்கும், மற்றது கவிழ்ந்திருக்கும். 2 முதல் 10 வரை முகத்தில் உள்ள எண்தான் பெறுமதி. ராசா, ராணி, ஜாக் மூன்றும் பத்துப் பத்து. ஆஸ் உங்கள் வசதிக்கு 1 அல்லது 11. இன்னொரு கடதாசி கேட்கலாம், போதும் என்று நிறுத்தலாம். 21 ஐத் தாண்டினால் அந்த இடத்திலேயே கட்டிய காசு போய்விடும். தாண்டாமல் டீலரைவிட 21 க்குக் கிட்டே நின்றால் கட்டிய அளவு கிடைக்கும். சமன் என்றால் கட்டியது திரும்பி வரும். முதல் இரண்டு கடதாசியே ஆஸும் பத்துமாக வந்தால் அதுதான் பிளாக்ஜாக். நல்ல மேசையில் அதற்கு ஒன்றரை மடங்கு.

டீலருக்குச் சொந்தப் புத்தி கிடையாது. 16 வரை எடுத்தே ஆகவேண்டும், 17 இல் நிறுத்தவேண்டும். நீங்களோ முதல் இரண்டு கடதாசியைப் பார்த்துவிட்டுக் கட்டியதை இரட்டிப்பாக்கலாம். அதற்கு டபுள் என்று பெயர். டபுள் அடித்தால் ஒரே ஒரு கடதாசிதான் வரும், அதற்கு மேல் கேட்க முடியாது. இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் வேண்டிவரும். ஒரே பெறுமதியான இரண்டு வந்தால் இரண்டு கையாகப் பிரித்தும் ஆடலாம்.

சாதாரண மேசையில் நீங்களும் கசினோவும்தான் எதிராளிகள். பக்கத்தில் இருப்பவர் வென்றாலும் தோற்றாலும் உங்கள் காசுக்கு ஒன்றும் ஆகாது. சரியான முறைப்படி ஆடினாலும் நீண்ட ஓட்டத்தில் கசினோவுக்கு நூற்றுக்கு அரை அளவில் ஒரு மேல்கை இருக்கும். ஒரு தரம் கடதாசி போட்டு ஆடி முடிப்பது ஒரு கை. நூறு கையில் ஏறத்தாழ 43 ஐ நீங்கள் வெல்வீர்கள், 48, 49 ஐத் தோற்பீர்கள், மிச்சம் சமன். பிளாக்ஜாக்குக்குக் கிடைக்கும் ஒன்றரை மடங்கும் டபுளும்தான் அந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்புகின்றன.

போட்டியில் இந்தக் கணக்கு அப்படியே புரண்டு போகிறது.

ஒரு நுழைவுக் கட்டணம் கட்டி உள்ளே போகவேண்டும். மேசைக்கு ஆறு ஏழு பேர். எல்லோருக்கும் ஒரே அளவு சிப்ஸ், அதாவது காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள். அந்தச் சிப்ஸை வெளியே கொண்டுபோய்க் காசாக்க முடியாது. மேசையில் புள்ளி எண்ணுவதற்குத்தான் அது. 20, 30 கை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். குறைந்தது எவ்வளவு கட்டலாம், கூடியது எவ்வளவு கட்டலாம் என்பதற்கும் எல்லை உண்டு. அத்தனை கையும் முடிந்ததும் சிப்ஸை எண்ணி, கூட வைத்திருக்கும் ஒருவரோ இருவரோ அடுத்த சுற்றுக்குப் போவார்கள். மற்றவர்கள் வீட்டுக்கு. கடைசி மேசையில் மிஞ்சியவர்களுக்குப் பரிசுக் காசு.

இங்கே எவ்வளவு வென்றீர்கள் என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. எத்தனையாவது ஆள் என்பதுதான் கேள்வி. நூறோடு தொடங்கி அறுபதுக்கு இறங்கியிருந்தாலும் மற்றவர்கள் ஐம்பதில் நின்றால் நீங்கள்தான் வெற்றி. இருநூறாக்கியிருந்தாலும் பக்கத்தில் ஒருவர் இருநூற்றைந்து வைத்திருந்தால் நீங்கள் வெளியே.

தங்கச்சி உயர்தரம் கணிதப் பிரிவு. அவள்தான் இதை முதலில் பிடித்தாள். "அப்ப இது கம்பஸ் எடுபடுற மாதிரி. கிளிநொச்சியில எத்தினையாவது ரேங்க் எண்டதுதானே கதை, எத்தினை மாக்ஸ் எண்டது ஆருக்கு வேணும்?" என்றாள். மாவட்டக் கோட்டாவில் பல்கலைக்கழகம் போன எல்லோருக்கும் இது தெரியும். கேள்வித்தாள் கஷ்டமென்றால் எல்லோருக்கும் கஷ்டம். அதேபோல் டீலரின் மேல்கை மேசையில் இருக்கும் அத்தனை பேரையும் ஒரே மாதிரித்தான் கடிக்கிறது. அதனால் அது இங்கே பெரிய விஷயமே இல்லை. கசினோ தன் வருமானத்தை நுழைவுக் கட்டணத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது, அல்லது போட்டிக்கென்று வருகிறவர்கள் மற்ற மேசைகளில் விடும் காசிலிருந்து. சில இடங்களில் சேர்ந்த கட்டணம் முழுவதையும் பரிசாகத் திருப்பிக் கொடுப்பார்கள். அப்படியான போட்டியில் பக்கத்தில் இருப்பவர்களைவிடக் கொஞ்சம் கூடக் கணக்குத் தெரிந்தவருக்கு உண்மையாகவே மேல்கை உண்டு. கசினோவுக்குள் இப்படிச் சொல்லக்கூடிய இடங்கள் மிகக் குறைவு.

கடதாசி எண்ணுகிற வித்தை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், போன கடதாசிகளைக் கணக்கில் வைத்து மிச்சம் என்ன என்று ஊகிப்பதுதான் அது. கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப் 1962 இல் அதை உலகத்துக்குக் காட்டினார். பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குழு ஒன்று அதை வைத்தே கசினோக்களைப் பதம் பார்த்தது. அந்தக் குழுவில் இருந்த மைக் அப்பொன்டேதான் 2004 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்த முதலாவது வேர்ல்ட் சீரிஸ் ஒவ் பிளாக்ஜாக் போட்டியை வென்றவர். ஆனால் இருபது முப்பது கைக்குள் முடிந்துபோகும் ஆட்டத்தில் கடதாசி எண்ணுவதால் கிடைக்கும் நன்மை சொற்பம். எண்ணவேண்டியது பக்கத்து ஆளின் சிப்ஸை.

"சொன்னால் ஏறாது, ஆடிப் பார்ப்பம்" என்றான் மச்சான்.

வீட்டில் இருந்தது எங்கள் பழைய முந்நூற்றுநாலுக் கட்டு. இங்கே ஒரு சிக்கல். முந்நூற்றுநாலுக்கு 7 இலிருந்து ஆஸ் வரை 32 கடதாசிதான் வேண்டும். 2 முதல் 6 வரையான இருபதும் வாங்கிய நாளிலிருந்து லாச்சிக்குள் கிடந்தன. பிளாக்ஜாக்குக்கு 52 உம் வேண்டுமென்று அவற்றை எடுத்துச் சேர்த்தோம். முப்பத்திரண்டின் முதுகும் மாமாவின் வெற்றிலை விரலால் பழுப்பேறி, ஓரம் நைந்து போயிருந்தது. இருபதும் பால்வெள்ளை. கவிழ்த்து வைத்தாலும் சின்னதா பெரியதா என்று விறாந்தையின் மறுகரையில் இருந்தே சொல்லலாம். அதோடுதான் ஆடினோம்.

அந்த வருடப் புளி உடைத்த கொட்டை ஒரு சாக்கு நிறையக் கிடந்தது. ஆளுக்கு நூறு. குறைந்தது 5 கட்டவேண்டும், கூடினால் 50. மொத்தம் 15 கை, ஒரே ஒரு வெற்றியாளர். மச்சான் டீலர். மாமா, தங்கச்சி, நான், பக்கத்து வீட்டு அண்ணை ஆட்டக்காரர்கள். யார் முதலில் கட்டவேண்டும் என்று காட்ட ஒரு சோடா மூடி. கை முடிய முடிய அது அடுத்த ஆளுக்கு நகரும். கசினோவில் இதை பட்டன் என்பார்கள். மூடி யார் முன்னால் இருக்கிறதோ அவர் முதலில் கட்டவேண்டும், அவருக்கு வலப்பக்கத்தில் இருப்பவர் கடைசியில். பார்த்தால் அற்ப விஷயம். போட்டியின் பாதி உயிர் அந்த மூடியில்தான் இருக்கிறது.

அண்ணை ஒன்பதாம் கையில் வெளியேறினார். நான் பன்னிரண்டில். அதை நீட்டி எழுத ஒன்றுமில்லை. பின்தங்கிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தும் ஐந்தைந்தாகக் கட்டிக்கொண்டே இருந்தேன், பிறகு பதறிப்போய் இரண்டு முறை ஐம்பது கட்டினேன். இரணைமடுவில் தண்ணி எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று முடிவு செய்வார்கள். மிச்சம் எத்தனை கை, முன்னால் நிற்பவர் எவ்வளவு தூரத்தில் என்று பார்க்காமல் விதைத்தவன் நான்.

பதினைந்தாவது கை. மாமாவிடம் 140, தங்கச்சியிடம் 120. சோடா மூடி மாமா முன்னால். அவர் முதலில் கட்டவேண்டும், தங்கச்சி அதைப் பார்த்துவிட்டுக் கட்டுவாள்.

மாமா வெற்றிலையை ஒருபக்கம் ஒதுக்கிக்கொண்டு ஐந்தே ஐந்து கொட்டையைத் தள்ளினார். "நான் முன்னுக்கு நிக்கிறன். எனக்கேன் வில்லங்கம்?"

தங்கச்சி ஐம்பதையும் எண்ணி வைத்தாள்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். மாமா வென்றால் 145. இவள் 30 கட்டி வென்றாலே 150. முப்பது காணுமே, ஏன் ஐம்பது? பிறகு கேட்டபோது சொன்னாள்: "மாமா டபுள் அடிச்சால் அவருக்கும் 150 வரும். நான் தோத்தால் எப்பிடியும் தோல்விதான். முப்பதைத் தோத்தாலென்ன ஐம்பதைத் தோத்தாலென்ன?" சாதாரண மேசையில் வராத யோசனை இது. இருபது கொட்டையைக் காப்பாற்றி அவள் என்ன செய்யப்போகிறாள், இரண்டாம் ஆளுக்குத்தான் ஒன்றுமே இல்லையே.

மாமாவுக்கு 18 விழுந்தது. நிறுத்திவிட்டார். தங்கச்சிக்கு 6 உம் 5 உம், 11. டீலரின் நிமிர்ந்த கடதாசி 10, கவிழ்ந்தது பழுப்பு முதுகு. 11 வந்தால் டபுள் அடி என்பது பிளாக்ஜாக்கின் அரிச்சுவடி. மச்சானே வாய்விட்டுச் சொன்னான், "டபுள் அடியன்!"

"எனக்கேன் அத்தான் டபுள்? இந்தக் கையை வெண்டாலே 170. 220 வந்து எனக்கென்ன?"

டபுள் அடித்தால் ஒரே ஒரு கடதாசிதான் என்று சொன்னேனே, அவள் யோசித்தது அதைத்தான். ஒன்று கேட்டாள். ஆஸ் வந்தது. 11 என்று எடுத்தால் 22 ஆகிவிடும், எனவே ஒன்றுதான், மொத்தம் 12. டபுள் அடித்திருந்தால் அந்த 12 ஓடு கையைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பாள். இப்போது இன்னொன்று கேட்கலாம். கட்டின் மேலே கிடந்ததோ பால்வெள்ளை முதுகு, எப்படியும் ஆறுக்கு மேல் இல்லை. சிரித்துக்கொண்டே கேட்டாள். 6. மொத்தம் 18. டீலர் கவிழ்ந்ததைப் புரட்டினால் 7. அவருக்கு 17.

இருவருமே டீலரை வென்றார்கள். மாமாவுக்கு 145, தங்கச்சிக்கு 170.

"நான் வெண்டனான்தானே?" என்றார் மாமா. மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்பா, உதைத்தான் நான் தேத்தண்ணி குடிக்கேக்க சொன்னனான்."

சரி, மாமா எவ்வளவு கட்டியிருக்கவேண்டும்? இதுதான் போட்டியின் நடுக் கணக்கு, கொஞ்சம் நின்று பார்க்கலாம். 50 கட்டியிருந்தால்? வென்றால் 190, டபுளோ பிளாக்ஜாக்கோ இல்லாமல் தங்கச்சி எட்டிப் பிடிக்க முடியாது. ஆனால் தோற்றால் 90. தங்கச்சி ஐந்தை மட்டும் வைத்துவிட்டு மாமா தோற்கும்வரை பேசாமல் இருப்பாள், தன் ஐந்தையும் தோற்றாலும் 115. மேலே போய்ப் பிடிப்பது ஒரு வழியென்றால், இப்படிக் கீழே பதுங்கி நிற்பது இன்னொரு வழி. தோற்கும் கை வெல்லும் கையைவிடக் கூட என்பதால் பதுங்குவது சில வேளை இன்னும் நல்ல வழி.

நடுவில் 25 கட்டினால்? பதுங்கும் வழி அடைபடும், மாமா தோற்றாலும் 115. ஆனால் வென்றால் 165 தான். தங்கச்சி 50 கட்டி வென்றால் 170, ஐந்து கொட்டையால் போய்விடும். 30 கட்டினால் மேல்வழி அடைபடும், இருவரும் வென்றால் 170 க்கு 170. ஆனால் கீழ்வழி திறந்துவிடும், தோற்றால் 110, தங்கச்சிக்கு 115. எந்த எண்ணைப் போட்டாலும் ஒரு வாசல் திறந்தே கிடக்கும். இருபது கொட்டை முன்னிலை, அதோடு முதலில் கட்டும் கட்டாயம். மாமா உண்மையில் முன்னுக்கு நிற்கவே இல்லை.

அவரிடம் 150 இருந்திருந்தால் கதை வேறு. 25 கட்டினால் வென்று 175, தோற்று 125. தங்கச்சி 50 கட்டி வென்றாலும் 170 தான். ஐந்து கட்டிப் பதுங்கினாலும் 115, அந்தக் கையை வென்றால்கூட 125, சமன் மட்டும்தான். இரண்டு வாசலும் அடைபட்டுவிட்டது. கூடிய பந்தயத்தின் பாதிக்கு மேல் முன்னிலை இருந்தால் முதலில் கட்டினாலும் சமாளிக்கலாம், அதற்குக் குறைவென்றால் கஷ்டம். ஒரு சின்ன எண், ஆனால் கடைசி ஐந்து கையும் இந்த எண்ணை நோக்கித்தான் ஆடவேண்டும். அப்படி அடைபட்ட நேரத்தில்தான் தங்கச்சிக்கு டபுள் தேவைப்படும். அப்போது 11 என்ன, தேவைப்பட்டால் 17 இலும் டபுள் அடிக்கவேண்டி வரலாம். சாதாரண மேசையில் அப்படி ஆடினால் விசர் என்பார்கள்.

சோடா மூடி மறுபக்கம் இருந்திருந்தாலோ மாமாவுக்கு மூளையே தேவைப்பட்டிருக்காது. தங்கச்சி முதலில் 50 வைத்தால் இவரும் 50. இருவரும் வென்றால் 190 க்கு 170, இருவரும் தோற்றால் 90 க்கு 70. அப்படியே கொப்பியடிப்பதுதான் முன்னால் நிற்பவரின் ஆயுதம். இது ஏன் வேலை செய்கிறது என்றால் எல்லோருக்கும் எதிராளி அதே டீலர்தான். அவர் 21 ஐத் தாண்டினால் நிற்கிற எல்லோரும் வெல்வார்கள், அவருக்கு 20 வந்தால் அநேகமாக எல்லோரும் தோற்பார்கள். ஒருவர் வென்று மற்றவர் தோற்கும் கை குறைவு. பின்னால் நிற்பவர் அந்தக் குறைவான கையைத்தான் தேடவேண்டும். முன்னால் நிற்பவர் பெரிதாகக் கட்டினால் இவர் சிறிதாக, அவர் சிறிதாகக் கட்டினால் இவர் பெரிதாக.

ஆரம்பக் கைகளில் எப்படி ஆடுவது என்பதில் மச்சானுக்கே தெளிவில்லை. ஒரு சாரார் சின்னதாகக் கட்டிக்கொண்டு மற்றவர்கள் அடிபட்டு விழும்வரை பார்த்திருப்பார்கள். இன்னொரு சாரார் தொடக்கத்திலேயே பெரிதாகக் கட்டி, வந்தால் முன்னிலை, வராவிட்டால் வெளியே என்று இருப்பார்கள். ஒருவர்தான் மேலே போகலாம் என்றால் இரண்டாவது, இருவர் போகலாம் என்றால் முதலாவது. இது என் அபிப்பிராயம், பன்னிரண்டாம் கையில் வெளியேறியவனின் அபிப்பிராயம் என்பதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

போகிறவர்கள் விதித்தாளை முதலில் வாசிக்கவேண்டும். எத்தனை பேர் அடுத்த சுற்றுக்கு, டபுளுக்கு என்ன கட்டுப்பாடு, பாதியை விட்டுக்கொடுத்துக் கையைக் கைவிட முடியுமா, தோற்றவர் திரும்பக் காசு கட்டி உள்ளே வரலாமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். கவனிக்கவேண்டியது அந்தக் கடைசி விதியைத்தான். போட்டியின் நல்ல அம்சமே எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே தெரிவது, நுழைவுக் கட்டணத்தோடு முடிந்தது. மூன்று முறை திரும்பத் திரும்ப உள்ளே வந்தால் அந்த அம்சம் எங்கே? மச்சான் போன முறை இரண்டு தடவை கட்டியிருக்கிறான். அதை மாமா இல்லாத நேரத்தில்தான் சொன்னான்.

இன்னொரு வகைப் போட்டியும் உண்டு. 2006 இல் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் அல்டிமேற் பிளாக்ஜாக் டூர் என்று வந்தது. அதில் எட்டாவது, பதினாறாவது, இருபத்தைந்தாவது கை முடிந்ததும் ஆகக் குறைந்த சிப்ஸ் வைத்திருப்பவரை எழுப்பிவிடுவார்கள். அதனால் கடைசிக் கையின் பதற்றம் ஒரே ஆட்டத்தில் பல முறை வரும். அதோடு ஒவ்வொருவருக்கும் ஒரேயொரு இரகசியப் பந்தயம். எவ்வளவு கட்டுகிறேன் என்று துண்டில் எழுதிக் கவிழ்த்து வைக்கலாம். பின்னால் கட்டுகிறவருக்குப் பார்த்துக் கொப்பியடிக்க முடியாது. முதலில் கட்டவேண்டிய வில்லங்கத்துக்கு அதுதான் மருந்து.

அடுத்த நாள் மாமா பரந்தன் சந்தியில் புதுக் கட்டு ஒன்று வாங்கிவந்தார், 52 உம் ஒரே நிறம். இரகசியப் பந்தயம் வைத்து ஆடவேண்டும் என்று அவரே அடம்பிடித்தார். கலண்டர் தாளைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தோம். கடைசிக் கைக்கு வைத்திருங்கள் என்று தங்கச்சி இரண்டு தரம் சொன்னாள். மூன்றாம் கையில் மாமா ஒருவருக்கும் காட்டாமல் மறுபக்கம் திரும்பி எதையோ எழுதி, துண்டைக் கவிழ்த்து, அதன்மேல் வெற்றிலைத் தட்டத்தை வைத்தார். திறந்து பார்த்தால் ஐந்து.